இரண்டை அமுக்கினால் மூன்று

"ரெண்டாவது லிஃப்ட்ல ஏறி அஞ்சை அமுக்கினேன். மூணாவது லிஃப்ட் கிளம்பி மேல போகுது. நான் ஏறின இடத்துலயே நிக்கிறேன்" என்றார் தலைமை நர்ஸ்.

கர்னல் மடியில் இருந்த லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மூணாவதுல யாராவது இருந்தாங்களா சிஸ்டர்?"

"பன்னெண்டு தலகாணி இருந்துச்சு. தனியா அஞ்சாவது மாடிக்குப் போயிருக்கு."

"சரி, மூணாவதுல ஏறி அமுக்கினா?"

"அதையும் அமுக்கிப் பாத்துட்டேன். ரெண்டாவது போகுது. ஒண்ணும் நாலும் ஒழுங்கா இருக்கு. இந்த ரெண்டுக்கும்தான் ஏதோ கொடுக்கல் வாங்கல்."

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர் எத்தனை மணிக்கு வர்றாரு?"

"நாலு மணிக்கு. இப்ப பத்தரை." தலைமை நர்ஸ் தலையணைகளை மீட்டு வரப் படியேறினார்.

கர்னல் பட்டாளத்தில் இருந்தவரல்ல. அவர் எழுதுவது கெர்னல். கணினியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, யார் எந்த வேலையைப் பார்ப்பது, யார் மெமரியின் எந்த மூலையைத் தொடலாம் என்றெல்லாம் முடிவுசெய்யும் அடித்தள மென்பொருள். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் எழுதுகிறார். அவர் வேலை என்னவென்று யாரோ சொன்னது அலுவலகக் காவலாளியின் காதில் 'கர்னல்' என்று விழுந்தது. மறுநாள் காலை விறைப்பாக ஒரு சல்யூட். திருத்த வேண்டும் என்று நினைத்தார். அன்றைக்கு வேலை அதிகம். அது நடந்து பதினோரு வருஷமாகிறது. இப்போது மேனேஜரும் கர்னல் என்றுதான் கூப்பிடுகிறார். ஐம்பத்து மூன்று வயது, இரண்டு முட்டியிலும் வலி, சட்டைப் பையில் வாயுத் தொல்லைக்கு மாத்திரை. எந்தப் படையும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது.

அந்தக் கண் மருத்துவமனையின் புதுக் கட்டடம் எட்டு மாடி. மறுநாள் காலை திறப்பதாக இருந்தது. முதல் நாளே முப்பத்திரண்டு பேருக்கு ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் படியில் இறக்க முடியாது. லிஃப்டுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் திறப்பும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. கர்னலின் கம்பெனி செய்த புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி முதல்முறையாக இங்கேதான் ஓடுகிறது.

அதற்குமேல் அவருக்குச் சொந்தமாக ஒரு நெருக்கடி. அவர் மகள் முதல் வேலைக்காக அன்று சாயங்காலம் ஆறு மணி ரயிலில் வேறு ஊருக்குப் போகிறாள். ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

தலைமை நர்ஸ் பன்னிரண்டு தலையணைகளோடும் ஓர் உதவியாளரோடும் இறங்கி வந்தார்.

"பெரிய டாக்டர் என்ன பிரச்சினைன்னு கேக்கறாரு. அவருக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சா அவருக்குப் புரியும்."

கர்னல் லேப்டாப்பை மூடினார்.

"பழைய பெட்டில ஒரு பிராசசர், ஒரு லிஃப்ட். இதுல நாலு பிராசசர், நாலு லிஃப்ட். ஆளுக்கு ஒண்ணு. ஆனா நாலுக்கும் ஒரே புரோகிராம்தான். அதுல 'என் லிஃப்ட்டை ஓட்டு'ன்னு இருக்கும். எந்த லிஃப்ட்னு இருக்காது."

"அப்ப எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் நான். ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனியா ஒரு அட்டவணை போட்டுக் குடுப்பேன். 'என் லிஃப்ட்'ங்கிற முகவரிக்கு ஒண்ணாவது பிராசசர் போனா, அது ஒண்ணாவது லிஃப்ட்ல கொண்டுபோய் விடும். அதே முகவரிக்கு ரெண்டாவது போனா ரெண்டாவது லிஃப்ட். முகவரி ஒண்ணு. போய்ச் சேர்ற இடம் வேற."

"எங்க வார்டுலயும் அப்படித்தான். 'அவங்கவங்க பேஷண்டைப் பாருங்க'ன்னு ஒரு தடவைதான் சொல்லுவேன். யாருக்கு யாருன்னு அவங்க கைல சீட்டு இருக்கும்."

"அதேதான் சிஸ்டர்."

"அப்ப நீங்க சீட்டைத் தப்பா எழுதிட்டீங்க."

கர்னல் ஒரு நொடி யோசித்தார். எங்கே தப்பு நடந்தாலும் முதலில் தன் பக்கம் திரும்பிப் பார்க்கிறவர் அவர். தெருவில் யாராவது 'முட்டாள்' என்று கத்தினால் நின்று திரும்புவார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அதற்குள் மேனேஜர் வந்தார். கர்னலைவிடப் பதினைந்து வயது சிறியவர். இரண்டு காதிலும் போன்.

"என்ன கர்னல் சார், ரெண்டும் மூணும் மாறிப்போச்சாமே? சின்ன விஷயம்தானே?"

"பார்க்கிறேன் சார்."

"வயரிங் எல்லாம் நேத்தே சரிபாத்துக் கையெழுத்து ஆயிடுச்சு. மிச்சம் இருக்கறது உங்க வேலை மட்டும்தான். சின்ன விஷயம்" என்று சொல்லிவிட்டு வலது காதுக்குப் பதில் சொல்லப் போய்விட்டார்.

கர்னல் யோசித்தார். பெட்டி விழிக்கும்போது ஒன்றாவது பிராசசர் முதலில் எழுந்து மற்ற மூன்றையும் தட்டி எழுப்பும். எது முந்தி எழுகிறதோ அது முந்தி நம்பர் வாங்கிக்கொள்ளும். மூன்றாவது கொஞ்சம் சுறுசுறுப்பாக எழுந்து இரண்டாவதின் நம்பரை வாங்கியிருக்கலாம். எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான்.

ஆகவே ஒரு வரிசை வைத்தார். ஒவ்வொன்றும் தன் அட்டவணையைத் தயார்செய்துவிட்டு 'முடிந்தது' என்று ஒரு குறி எழுத வேண்டும். குறியைப் பார்த்த பிறகுதான் அடுத்தது எழ வேண்டும். பதினைந்து வரிகள். பதினொன்றரைக்கு முடிந்தது.

"பெட்டியை ரீஸ்டார்ட் பண்றேன். ரெண்டு நிமிஷம் யாரும் லிஃப்ட்ல ஏறாதீங்க!" என்று லாபியில் நின்று கத்தினார்.

தலைமை நர்ஸ் அதை மாடி மாடியாகக் கத்தச் செய்தார். இரண்டு காதிலும் போன் வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

ரீஸ்டார்ட் ஆனது. ஒன்றாவது பிராசசர் எழுந்தது. அத்தோடு சரி. நான்கு லிஃப்டும் இருந்த இடத்திலேயே நின்றன. லேப்டாப்போடு இருந்த தொடர்பும் போய்விட்டது.

கர்னலின் போன் அடித்தது.

"கர்னல் சார், நான் நாலாவது லிஃப்ட்ல இருக்கேன்" என்றார் மேனேஜர். "மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. கூடவே ஒரு கண் இருக்கு."

"என்ன இருக்கு?"

"கண்ணு சார். பிளாஸ்டர்ல செஞ்ச கண்ணு. என் உயரம் இருக்கு. ஏழாவது மாடி வரவேற்புல வைக்கறதுக்கு ஏத்தியிருக்காங்க. என்னையே பாத்துட்டு இருக்கு."

"மேல மெக்கானிக் இருக்காரு சார். கைச் சக்கரத்தைச் சுத்தி இறக்கச் சொல்றேன்."

"அதுக்கு எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"வேண்டாம். எனக்கு இப்ப மீட்டிங் ஆரம்பிக்குது. ஆடாம இருந்தா போதும். நீங்க சரி பண்ணுங்க. சின்ன விஷயம்தானே?"

தொடர்பு போய்விட்டதால் லேப்டாப்பை நேராகப் பெட்டியிலேயே சொருகியாக வேண்டும். பெட்டி மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் ஓடாததற்குக் காரணமானவரே எட்டு மாடி ஏறினார். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நம்ம புராடக்டோட பலமே நம்பகத்தன்மைதான்" என்ற குரல் கேட்டது. ஐந்தாவது மாடியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். வார்டுக்குப் போட வந்த கட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் படுத்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தார்.

மெஷின் ரூமில் லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். கர்னலின் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர். கேட்காமலே நாற்காலி கொடுப்பவர், கேட்காமலே பேசுபவர்.

"உக்காருங்க கர்னல் சார். எட்டு மாடி உங்களுக்கு ஒண்ணும் பெருசா இருக்காது. மலையெல்லாம் ஏறியிருப்பீங்க."

"தண்ணி இருக்கா?" என்றார் கர்னல்.

"இருக்கு சார். சண்டைக்கெல்லாம் போயிருக்கீங்களா?"

"தினமும்."

மெக்கானிக் மரியாதையோடு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கர்னல் லேப்டாப்பைப் பெட்டியில் சொருகினார். மூச்சு வாங்கியது. நாற்காலியைத் திருப்பி, பெட்டிக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தார்.

தப்பு கண்ணில் பட அரை மணி நேரமானது. 'முடிந்தது' என்ற குறியை அவர் தவறான இடத்தில் வைத்துவிட்டார். அது ஒவ்வொரு பிராசசருக்கும் சொந்தமான மெமரிப் பக்கத்தில் விழுந்திருந்தது. ஒன்றாவது தன் வேலையை முடித்துத் தன் அறைக்குள் 'முடிந்தது' என்று எழுதியது. இரண்டாவது தன் அறைக்குள் பார்த்தது. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காத்திருந்தது. யுகக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருந்தது. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாதபடி அட்டவணை போட்டதே கர்னல்தான்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் மெக்கானிக்.

"வேலையை முடிச்சிட்டு அடுத்தவனுக்குச் சொல்லாம, தனக்குத்தானே சொல்லிக்கிட்டிருக்கு."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார்" என்றார் மெக்கானிக்.

குறியை நால்வருக்கும் பொதுவான ஒரு பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கு நான்கு அட்டவணையிலும் புது வரி சேர்க்க வேண்டும். மணி ஒன்று. வயிறு காய்ந்தது. நான்கையும் முதலிலிருந்து எழுதாமல், ஒன்றாவதின் அட்டவணையை நகலெடுத்து, மற்றவற்றில் லிஃப்ட் நம்பரை மட்டும் மாற்றிவிட்டால் என்ன? களைத்த மனிதனுக்குத் தோன்றும் யோசனைகளில் மிக இனிமையானது, நகலெடுப்பது.

எடுத்தார். ரீஸ்டார்ட் செய்தார். நான்கு பிராசசரும் வரிசையாக எழுந்தன. திரையில் நான்கு பச்சை வரிகள்.

"சார், நாலாவது கிளம்பிடுச்சு!" என்றார் மெக்கானிக். மேலே பெரிய சக்கரம் சுழன்றது. நின்றது. எதிர்ப்பக்கம் சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. "ஆனா மத்த மூணும் சும்மா இருக்கு சார். இது மட்டும் பேய் பிடிச்ச மாதிரி சுத்துது."

கர்னலின் போன் அடித்தது.

"கர்னல் சார், ஆறாவது மாடி" என்றார் மேனேஜர். "இப்ப ரெண்டு. இல்ல, எட்டு. கதவு பாதி திறக்குது, மூடிக்குது. சார், கண்ணு ஆடுது சார்! மீட்டிங்ல எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க!"

கர்னல் கண்ணை மூடிக்கொண்டார். புரிந்துவிட்டது. ஒரு அட்டவணை என்பது ஒரே தாள் அல்ல. மேல் தாள், 'விவரம் அடுத்த தாளில்' என்று கைகாட்டும். அவர் நகலெடுத்தது மேல் தாளை மட்டும். நான்கு மேல் தாள்களும் ஒரே கீழ்த் தாளைத்தான் கைகாட்டின. அதில் இரண்டு என்று எழுதி, அதன்மேல் மூன்று என்று எழுதி, அதன்மேல் நான்கு என்று எழுதியிருந்தார். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். இப்போது நான்கு பிராசசருக்கும் 'என் லிஃப்ட்' என்றால் நாலாவது லிஃப்ட். எட்டு மாடியிலும் யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும், மேனேஜர்தான் போனார்.

"யாரும் எதையும் அமுக்காதீங்கன்னு சொல்லுங்க சிஸ்டர்!" என்று போனில் கத்தினார் கர்னல்.

"சொல்லிட்டேன். சொன்னா, எதை அமுக்கக் கூடாதுன்னு அமுக்கிக் காட்டிக் கேக்கறாங்க" என்றார் தலைமை நர்ஸ்.

கடைசியில் அவரே இரண்டாவது மாடியில் காத்து நின்று, கதவு பாதி திறந்த நேரத்தில் மேனேஜரின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து வெளியே போட்டார். கண் உள்ளேயே நின்று மேலே போனது.

மேனேஜர் படியேறி மெஷின் ரூமுக்கு வந்தார். ஒரு காதில் போன் இல்லை.

"கர்னல் சார்" என்றார். சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. "நாலு மணிக்கு நாலு லிஃப்டும் ஓடணும். ஓடலைன்னா பெட்டியைக் கழட்டிடச் சொல்லிட்டாரு பெரிய டாக்டர். கெர்னல் டிபார்ட்மென்ட்டே வேண்டாம், வெளில வாங்கிக்கலாம்னு மீட்டிங்ல ஒருத்தர் சொல்றாரு. டிபார்ட்மென்ட்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"தெரியும் சார். எல்லாம் என் தப்புதான்."

மேனேஜர் போனதும் வீட்டிலிருந்து அழைப்பு.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"என்ன ஆச்சு?"

"என் தப்புதான். ரெண்டும் மூணும் மாறுது. எங்கன்னு தெரியலை."

"எடுத்தவுடனே உங்க தப்புன்னே ஆரம்பிக்காதீங்க. போன வாரம் குக்கர் விசில் வரலைன்னதுக்கும் உங்க தப்புன்னுதான் சொன்னீங்க" என்றார் மனைவி. "அவ காலைலேருந்து அஞ்சு தடவை பெட்டியைப் பிரிச்சுக் கட்டிட்டா. அப்பா வருவாரான்னு மட்டும் கேக்கலை."

கர்னல் போனை வைத்துவிட்டு லேப்டாப்பை இழுத்துக்கொண்டார்.

நான்கு அட்டவணைகளையும், மேல் தாள் கீழ்த் தாள் எல்லாம், தனித்தனியாக எழுதினார். நகல் எதுவும் இல்லை. இரண்டே முக்காலுக்கு முடித்து, இந்த முறை மாடி மாடியாக ஆள் நிற்கவைத்து, ரீஸ்டார்ட் செய்தார். நான்கும் எழுந்தன. லிஃப்டில் லாபிக்கு இறங்கி வந்தார். ஒன்றாவதில்தான், மற்றதை அவர் நம்பவில்லை.

தலைமை நர்ஸ் இரண்டாவது லிஃப்டில் ஏறி ஐந்தை அமுக்கினார். மூன்றாவது லிஃப்ட் மேலே போனது.

இருவரும் அதன் சிவப்பு எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று. நான்கு. ஐந்து.

"காலைல பத்தரைக்கு இதான் நடந்துச்சு" என்றார் தலைமை நர்ஸ்.

"ஆமா சிஸ்டர்."

"அப்ப நாம இவ்வளவு நேரம் என்ன பண்ணோம்?"

"திரும்பி வந்திருக்கோம்" என்றார் கர்னல்.

லாபியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அட்டவணைகளை வரி வரியாகப் படித்தார். இரண்டாவது பிராசசர், இரண்டாவது மோட்டார். மூன்றாவது பிராசசர், மூன்றாவது மோட்டார். விரலை வைத்துப் படித்தார். பின்னாலிருந்து முன்னால் படித்தார். பொத்தான் வருகிற வழி சரி. கட்டளை போகிற வழி சரி. ஒரு தப்பும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தப்போடு வாழ்ந்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் நடக்காத ஒன்றோடு எப்படி வாழ்வது?

மூன்றே காலுக்கு மகள் அழைத்தாள்.

"அப்பா."

"வந்துடுவேன்மா. இன்னும் ஒரே ஒரு ரீஸ்டார்ட்."

"பத்தாவது ரிசல்ட் அன்னிக்கும் இதேதான் சொன்னீங்கப்பா."

"இது அப்படி இல்ல. எல்லாம் சரியா எழுதியிருக்கு. ஆனா ரெண்டுன்னு சொன்னா மூணுக்குப் போகுது. மூணுன்னா ரெண்டுக்குப் போகுது. காரணம் பிடிபடலை."

"அப்ப ரெண்டுன்னு எழுதியிருக்கற இடத்துல மூணுன்னு எழுதுங்க. மூணை ரெண்டாக்குங்க. சரியாயிடும்ல?"

"அது தப்புமா! காரணம் தெரியாம ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

"யார் சொன்னா?"

கர்னல்தான் சொன்னவர். இருபத்திரண்டு வருஷமாக, வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அவர்களெல்லாம் கேட்டுக்கொண்டு வேறு டிபார்ட்மென்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"அப்பா, காரணத்தை நாளைக்குத் தேடுங்க. நான் நாளைக்கு இருக்க மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

போனை வைத்தார். லாபியில் சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. இரண்டு என்ற இடத்தில் மூன்று என்று எழுதினார். மூன்று என்ற இடத்தில் இரண்டு. பக்கத்திலேயே, பின்னால் படிக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு: 'ஏன் என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.' இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் திருடியதுபோல் இருந்தது.

ரீஸ்டார்ட்.

தலைமை நர்ஸ் இரண்டாவது லிஃப்டில் ஏறி ஐந்தை அமுக்கினார். கதவு மூடியது. இரண்டாவது லிஃப்ட் மேலே போனது. அவரோடு.

ஐந்தாவது மாடியிலிருந்து அவர் குரல் படிக்கட்டு வழியாகக் கீழே வந்தது. "வந்துட்டேன்! நானே வந்துட்டேன்!"

மூன்றாவதும் ஓடியது. ஒன்றாவதும் ஓடியது. நாலாவது லிஃப்ட் கண்ணை ஏழாவது மாடியில் இறக்கிவிட்டு ஒழுங்காகத் திரும்பியது. ஒருமுறைக்கு மூன்றுமுறை நான்கையும் ஓட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் ஓடி வந்து கர்னலின் கையைக் குலுக்கினார். இரண்டு காதிலும் போன் திரும்பியிருந்தது.

"நான்தான் சொன்னேனே சார், சின்ன விஷயம்! என்ன தப்பு இருந்துச்சு?"

"அட்டவணைல... ரெண்டு எண் மாறியிருந்துச்சு" என்றார் கர்னல். முழுப்பொய் இல்லை. ஆனாலும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சரியாக நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். டார்ச், சுத்தியல், நிறுத்துக் கடிகாரம், சிரிக்காத முகம். முதல் வேலையாக மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். லிஃப்ட் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டிப் பார்த்தார், இடுக்கில் டார்ச் அடித்தார். அவரோடு மேனேஜரும் கர்னலும் மாடி மாடியாக நடந்தார்கள். அரை மணி நேரம். கர்னலின் முட்டிகள் தனித்தனியாகப் புகார் சொல்லின. கடைசியில் எல்லோரும் லாபிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு டீ வந்தது. குடித்தார். மெயின் சுவிட்சைப் போடச் சொன்னார். பெட்டி எழுந்தது. திரையில் நான்கு பச்சை வரிகள்.

"பிரேக், கதவு, கயிறு எல்லாம் திருப்தி" என்றார். "ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி. லிஃப்டுக்கு ஒருத்தரா நாலு பேர் ஏறணும். நான் எட்டை அமுக்குவேன், நான் சொன்னதும் மத்த மூணு பேரும் வேற வேற மாடியை அமுக்கணும். மேல போய்ச் சேர்ந்ததும் அங்கயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஒன்றாவதில் தலைமை நர்ஸ் ஏறினார். இரண்டாவதில் இன்ஸ்பெக்டர். மூன்றாவதில் பெரிய டாக்டர். நாலாவதைக் காட்டியதும் மேனேஜர் ஓரடி பின்வாங்கினார்; பெரிய டாக்டர் பார்த்த பார்வையில் ஏறிக்கொண்டார்.

"கர்னல், நாளைக்கு முப்பத்திரண்டு பேர் உங்களை வாழ்த்துவாங்க" என்றார் பெரிய டாக்டர் லிஃப்டுக்குள்ளிருந்து.

மணி நாலு நாற்பத்தைந்து. ஸ்டேஷனுக்கு அரை மணிதான். கர்னல் லேப்டாப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். போனை எடுத்தார்.

"அம்மாடி, கிளம்பிட்டேன். நிஜமா. இதோ வாசலுக்கு வந்துட்டேன்."

"நிஜமாவாப்பா?" என்றாள் மகள். அவள் குரல் சிறு வயதில் இருந்ததுபோல் ஆகிவிட்டிருந்தது.

"ரெடி?" என்ற இன்ஸ்பெக்டரின் குரல் இரண்டாவது லிஃப்டிலிருந்து கேட்டது. நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

படிக்கட்டிலிருந்து மெக்கானிக் இறங்கி வந்தார். மூச்சு வாங்கியது. பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்த முகம். கர்னலின் பக்கத்தில் வந்து நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க கர்னல் சார், ரெண்டாவது லிஃப்ட் மோட்டார் வயரையும் மூணாவது லிஃப்ட் மோட்டார் வயரையும் நேத்து நான் மாத்திச் சொருகியிருந்திருக்கேன், நல்லவேளை, இன்ஸ்பெக்டர் கரண்ட்டை அணைச்ச நேரத்துல கண்ணுல பட்டுச்சு, சரியா மாத்தி மாட்டிட்டேன்!"